பித்தளைத் தகடும் வெள்ளைப் பெயின்ட்டும்

ராணுவ அதிகாரியின் பழைய பெட்டி என்று சொன்னால், பழம்பொருள் சேர்ப்பவர்களில் இரண்டு கூட்டத்தார் இரண்டு வெவ்வேறு பெட்டிகளை நினைப்பார்கள். லண்டன் ஏலக்கூடங்களில் புழங்குகிறவருக்கு அது கற்பூரமரப் பெட்டி: செம்பழுப்பு மரம், மூலைகளில் பித்தளைக் கவசம், மூடியிலோ முகப்பிலோ பெயர் வெட்டிய ஒரு சிறு தகடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும்பாலும் சீனத்தின் கான்டனில் செய்யப்பட்டு, இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் போன பிரிட்டிஷ் அதிகாரிகளின் சாமான்களோடு பயணம் செய்தது. அமெரிக்கச் சந்தைகளில் அலைகிறவருக்கோ அது ஃபுட்லாக்கர்: ஒட்டுப்பலகையில் செய்து, விளிம்புக்குத் தகரம் கட்டி, ஆலிவ் பச்சை அடித்து, மேலே வெள்ளைப் பெயின்ட்டில் பெயரும் எண்ணும் எழுதிய பெட்டி. இரண்டாம் உலகப் போருக்காகத் தொழிற்சாலைகள் இதைச் செய்து குவித்தன.

விலையில் இரண்டும் ஒரே தட்டில் நிற்காது. நல்ல நிலையிலுள்ள கற்பூரமரப் பெட்டி பொதுவாகச் சில நூறு பவுண்டில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும். ஃபுட்லாக்கர் நூறு டாலரைச் சுற்றிக் கிடைக்கும். மரச்சாமான் வியாபாரி முன்னதைத் தொட்டுப் பார்ப்பார், பின்னதைத் திரும்பியும் பார்க்கமாட்டார். ஆனால் ஒரு கேள்வியை முன்வைத்தால் இரண்டும் எதிரெதிரே உட்கார்ந்து பேசத் தொடங்கிவிடும். பெட்டியின்மேல் இருக்கும் பெயர் எப்படி அங்கே வந்தது, அந்த ஆள் போன பிறகு பெட்டி யாரிடம் போயிற்று என்பதே அந்தக் கேள்வி. மரத்தையும் பூட்டையும் பற்றிப் பேச நிறைய இருக்கிறது, பேசுவோம். ஆனாலும் ராணுவப் பெட்டியை மற்றப் பெட்டிகளிலிருந்து பிரித்துக் காட்டுவது இந்தப் பெயர் விவகாரம்தான்.

முதலில், பெட்டிக்குக் காசு கொடுத்தது யார்?

பிரிட்டிஷ் மன்னரின் படையில் 1871 வரை காலாட்படை, குதிரைப்படை அதிகாரிப் பதவிகளே விலைக்குத்தான் கிடைத்தன. காலாட்படை லெப்டினன்ட் கர்னல் பதவியின் அதிகாரபூர்வ விலை 4,500 பவுண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் பதவி விற்பனை இல்லை, பணிமூப்புப்படி ஏறவேண்டும். ஆனால் எந்தப் படையானாலும் கட்டில், நாற்காலி, அலமாரி, குளியல் தொட்டி, பெட்டி எல்லாம் அதிகாரியின் சொந்தச் செலவு. கப்பலில் அவருக்குக் கிடைத்ததுகூட வெற்று அறைதான், அதற்குள் வேண்டிய சாமானை அவரே கொண்டுபோய்ப் போட்டுக்கொள்ளவேண்டும். இந்தியாவுக்குப் புறப்படும் இளைஞர் எதையெல்லாம் வாங்கவேண்டும் என்று சொல்லிக்கொடுக்கவே கேப்டன் தாமஸ் வில்லியம்சன் 1810இல் இரண்டு தொகுதி எழுதினார். இந்தத் தேவையை நம்பி லண்டனிலும் டப்ளினிலும் கடைகள் பிழைத்தன. 1871இல் ஆர்மி அண்ட் நேவி கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. பிற்பாடு பம்பாயிலும் கல்கத்தாவிலும் கிளை திறந்தது. பணமுள்ளவர் மகாகனி அலமாரி வாங்குவார், இல்லாதவர் இரண்டு பெட்டியோடு நிறுத்திக்கொள்வார். கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்தாலே ஆளின் குடும்ப வசதி தெரிந்துவிடும்.

அமெரிக்க அதிகாரியும் தம் சீருடையைச் சொந்தக் காசில் வாங்கியவர்தான், அதற்கு அரசு ஒரு படி கொடுத்தது. ஆனால் பெட்டி விஷயத்தில் அவருக்கும் சாதாரணச் சிப்பாய்க்கும் பெரிய வேறுபாடு இல்லை. அளவு ஒன்று, பச்சை ஒன்று, உள்ளே தூக்கி எடுக்கக்கூடிய தட்டும் ஒன்றே. ஆளைப் பிரித்துக் காட்டியது மேலே எழுதிய எழுத்து மட்டும்தான். ஒரு கோடியே அறுபது லட்சம் பேர் சீருடை அணிந்த போரில் ஆளுக்கொரு மாதிரிப் பெட்டி என்றால் கப்பலில் அடுக்க முடியாது.

அடுக்குவது என்றதும் கற்பூரமரப் பெட்டியின் வேலைப்பாட்டைச் சொல்லவேண்டும். அதன் அழகுக்கெல்லாம் காரணம் பயணத்தின் முரட்டுத்தனம். கைப்பிடிகள் வெளியே துருத்தாமல் மரத்துக்குள் குடைந்து பதிக்கப்பட்டிருக்கும். மூலைக் கவசமும் பட்டைகளும் பலகையோடு சமமாக இழைந்திருக்கும். பக்கத்துப் பெட்டியில் சிக்காது, இடிபட்டாலும் மூலை நசுங்காது. பலகை முனைகளைப் பற்களாக வெட்டி ஒன்றுக்குள் ஒன்று கோத்திருப்பார்கள். இரும்பு போட்டால் கடற்காற்றில் துருவேறி மரத்தையும் தின்னும் என்பதால் பித்தளை. கற்பூரமரம் எதற்கு என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்கவேண்டியதில்லை. நாம் கொளுத்தும் சூடம் இன்று பெரும்பாலும் பைன் மரத்துக் கர்ப்பூரத் தைலத்திலிருந்து ஆலையில் செய்யப்படுகிறது. அன்று அது தென்சீனத்திலும் தைவானிலும் ஜப்பானிலும் வளரும் ஒரு மரத்தைச் சீவிக் காய்ச்சி வடித்தெடுத்தது. அந்த மரத்திலேயே பெட்டி செய்தால் கம்பளிச் சீருடையை அந்து அரிக்காது. மே மாதத்துச் சென்னையில் சிவப்புக் கம்பளிக் கோட்டுக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். அது வேறு கட்டுரை.

சென்னைக்கு வந்த பெட்டிகளுக்குக் கூடுதலாக ஒரு சோதனை இருந்தது. இங்கே துறைமுகம் கட்டும் வேலை 1870களில்தான் தொடங்கியது. அதுவரை கப்பல்கள் கரைக்கு எட்டத்தில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் சாமானும் மசூலா படகில் இறங்கி, அலைகளின்மேல் ஏறி விழுந்து கரை சேரவேண்டும். ஆணியே அடிக்காமல் கயிற்றால் தைத்த படகு அது. அலை மோதும்போது விறைத்து நின்றால் உடைந்துவிடும், வளைந்து கொடுப்பதால்தான் தப்பிக்கும். அதில் நனையாமல் வரும் பெட்டி அபூர்வம். உள்ளே தகரம் பதித்த பெட்டிகளுக்கு மவுசு இருந்ததில் வியப்பில்லை.

கரையேறிய பிறகு மாட்டின் முறை. பொதிமாட்டின் இருபுறமும் ஒவ்வொன்றாகத் தொங்கவிட ஏற்ற அளவில், ஜோடியாகப் பெட்டிகள் செய்தார்கள். இன்று அப்படி ஒரு ஜோடி பிரியாமல் கிடைத்தால் விலை இரட்டிப்பைத் தாண்டும். ஒட்டகத்துக்கும் கோவேறு கழுதைக்கும் தனித்தனி அளவுகள் உண்டு. அளவு இருந்ததே தவிர எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கவில்லை. 1838இல் ஆப்கானியப் படையெடுப்புக்குக் கிளம்பிய சிந்துப் படையில் ஒரு பிரிகேடியரின் சொந்தச் சாமான்களுக்கு மட்டும் 60 ஒட்டகம் என்றும், ஒரு ரெஜிமென்ட் அதிகாரிகளின் சுருட்டைச் சுமக்கவே இரண்டு ஒட்டகம் என்றும் அந்தப் போரின் வரலாறுகள் சொல்கின்றன. இதற்கு நேரெதிராக ஆர்தர் வெல்லெஸ்லி 1797இல் இந்தியா வந்து இறங்கும்போது புத்தகங்களைச் சுமந்துவந்தார்: ஆடம் ஸ்மித், வால்டேர், ஸ்விஃப்ட். திப்புவை வீழ்த்திய படையில் பங்கேற்றவர், பின்னாளில் வெலிங்டன் பிரபுவானவர். அந்தப் புத்தகப் பெட்டி இன்று ஏலத்துக்கு வந்தால் என்ன விலை போகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது சேகரிப்பாளர்களின் இலவசப் பொழுதுபோக்கு.

ஃபுட்லாக்கர் மாட்டின் மேல் ஏறவில்லை. அது பாசறையில் கட்டிலின் கால்மாட்டில் இருந்தது. அதன் கடுமை வேறு மாதிரி. தட்டில் சவரக் கத்தி எங்கே, பல்துலக்கி எங்கே, சுருட்டிய காலுறை எந்த வரிசையில் என்பதற்கு வரைபடம் உண்டு; சோதனை நாளில் மூடியைத் திறந்துவைத்து நிற்கவேண்டும். கற்பூரமரப் பெட்டிக்குள் அதிகாரி தன் வீட்டைக் கொண்டுவந்தார். ஃபுட்லாக்கருக்குள் ராணுவம் ஆளின் அந்தரங்கத்துக்கு ஒரு சதுர அடியை ஒதுக்கித் தந்தது. அந்த ஒரு சதுர அடி பெரும்பாலும் மூடியின் உட்புறம். காதலியின் படமோ பத்திரிகையில் வெட்டிய நடிகையின் படமோ அங்கேதான் ஒட்டப்பட்டது. பசைத்தடமும் கிழிந்த காகித மூலையும் இன்னும் இருந்தால், அதைச் சுரண்டி எடுக்காதவரே நல்ல வியாபாரி.

இனிப் பெயருக்கு வருவோம். பித்தளைத் தகட்டில் வெட்டிய பெயர் நிலைத்திருக்கவேண்டும் என்ற நோக்கத்தில் வெட்டப்பட்டது. ஆளின் பெயர், பதவி, ரெஜிமென்ட். சென்னைப் படை என்றால் ‘எம்.என்.ஐ.’ என்ற மூன்றெழுத்து வரும், மதராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி. இதில் காலத்தைக் கண்டுபிடிக்க ஒரு சாவி இருக்கிறது. 1903இல் தலைமைத் தளபதி கிச்சனர் இந்தியப் படைகளின் எண்களை மாற்றியமைத்தபோது பழைய சென்னை ரெஜிமென்ட்களின் எண்ணோடு 60 கூட்டப்பட்டது. மூன்றாவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி அறுபத்துமூன்றாவது ஆயிற்று. தகட்டில் 3 இருந்தால் அந்த ஆண்டுக்கு முன், 63 இருந்தால் பின். ஒரு பாளையங்கோட்டைப் பெட்டியைப் பார்த்துவிட்டு, இதை ஊகிக்க மரத்தின் வயதைச் சோதிக்கவேண்டியதில்லை.

பெயர் கிடைத்தபின் ஆளைத் தேடுவது அவ்வளவு சிரமமில்லை. பிரிட்டிஷ் அதிகாரிகளின் பெயர்ப்பட்டியல் ஆண்டுதோறும் அச்சாகி வந்தது. கம்பெனி அதிகாரிகளுக்கு டாட்வெல்லும் மைல்ஸும் தொகுத்த 1760 முதல் 1834 வரையிலான அகரவரிசைப் பட்டியல் உண்டு, வங்காளம், மதராஸ், பம்பாய் மூன்றுக்கும். லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் பதினாறு வயதுப் பையனாக அவர் சேர்ந்தபோது கொடுத்த விண்ணப்பமும் ஞானஸ்நானச் சான்றும்கூடக் கிடைக்கக்கூடும். எந்தப் போரில் இருந்தார், எப்போது விடுப்பில் போனார், எங்கே காய்ச்சலில் செத்தார் என்பதுவரை வரும். சாதாரணச் சிப்பாயைப் பற்றி இதில் நூறில் ஒரு பங்கு கிடைக்காது. அந்தப் பெட்டியைத் தலையில் சுமந்து கரையேற்றிய கூலியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஃபுட்லாக்கரின் பெயர் நிலைக்கவேண்டும் என்று எழுதப்பட்டதல்ல, சாமான் தொலையக்கூடாது என்று எழுதப்பட்டது. அதனால்தான் அதில் தகவல் அதிகம். எண்ணுக்கு முன் ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்தும் சிறு கோடும் இருந்தால் அதிகாரி. எழுத்தில்லாமல் எட்டு இலக்க எண் 1இல் தொடங்கினால் தானே முன்வந்து சேர்ந்தவர், 2 என்றால் நேஷனல் கார்டிலிருந்து வந்தவர், 3 அல்லது 4 என்றால் கட்டாய ஆள்சேர்ப்பில் பிடிபட்டவர். இரண்டாவது இலக்கம் பெரும்பாலும் நாட்டின் எந்தப் பகுதியில் சேர்ந்தார் என்று சொல்லும். கப்பலேறியபோது போட்ட பிரிவுக் குறியீடு, வண்ணப்பட்டை, படையோடு கூடவே வரவேண்டிய சாமான் என்பதற்கான மூன்றெழுத்து முத்திரை, கடைசியில் வீட்டு முகவரி. இவை ஒன்றின்மேல் ஒன்றாக அடிக்கப்பட்டிருக்கும். பதவி உயரும்போது புதுப் பெட்டி கிடையாது, பழைய எழுத்தின்மேல் பச்சை அடித்துப் புது எழுத்து. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் செகண்ட் லெப்டினன்ட், அதன்மேல் ஃபர்ஸ்ட் லெப்டினன்ட், அதன்மேல் கேப்டன் என்று படிப்படியாக மேடு தட்டும். சிப்பாயாகச் சேர்ந்து அதிகாரியானவரின் பெட்டியில் இரண்டு எண்களும் ஒன்றையொன்று மூடிக்கொண்டு கிடப்பதுண்டு. பித்தளைத் தகடு ஒரு மனிதரின் ஒரு கணத்தை மட்டும்தான் சொல்லும். இந்தப் பெயின்ட் அவருடைய சில ஆண்டுகளைச் சொல்கிறது. இந்த ஒரு விஷயத்தில் நூறு டாலர் பெட்டி ஆயிரம் பவுண்டு பெட்டியை வென்றுவிடுகிறது என்பேன்.

கற்பூரமரப் பெட்டியிலும் பெயர் மாறியதுண்டு. தகட்டைச் சுற்றி ஒரு பெரிய தகட்டின் நிழல் படிந்திருக்கும், மூடிய திருகாணித் துளைகள் நான்கு தெரியும், அல்லது ஒருவர் பெயரைத் தேய்த்துவிட்டு இன்னொருவர் பெயர் வெட்டப்பட்டிருக்கும். சில வியாபாரிகள் இதைக் குறை என்று சொல்லி விலையைக் குறைத்துக் கொடுப்பார்கள். அது குறையல்ல, அந்தப் படையின் வழக்கத்துக்குச் சாட்சி. அதிகாரி இறந்தால், சக அதிகாரிகள் சிலர் சேர்ந்த ஒரு குழு அவருடைய உடைமைகளைப் பட்டியலிடும். பிறகு முகாமிலேயே ஏலம். குதிரை, சேணம், துப்பாக்கி, மேஜைவிரிப்பு, சட்டை, பெட்டி எல்லாம் போகும். மெஸ் பாக்கியும் வேலைக்காரர் சம்பளமும் கழித்து மிஞ்சிய பணம் ஊருக்குப் போகும். நேற்று இரவு ஒரே மேஜையில் சாப்பிட்டவனின் சட்டையை இன்று ஏலம் எடுப்பது நமக்கு நெஞ்சை உறுத்தும். ஆனால் ஊரிலிருந்து ஒரு பெட்டி வந்துசேர ஐந்தாறு மாதமாகும் இடத்தில், அடுத்த மழைக்குள் காலராவில் யார் போவார் என்று தெரியாத ஊரில், அது ஒரு நடைமுறை. இளையவருக்குச் சாமான் மலிவாகக் கிடைக்கும், விதவைக்குப் பணம் கிடைக்கும், கப்பல் கூலி மிச்சம். இந்தக் காரணத்தால் சில பெட்டிகள் இந்தியாவை விட்டுப் போகாமலே நாலைந்து எஜமானர்களைக் கண்டன.

அமெரிக்க வழக்கம் இதற்கு நேர்மாறு. 1942 பிப்ரவரியில் மிசூரி மாநிலத்துக் கான்சாஸ் சிட்டியில் குவார்ட்டர்மாஸ்டர் கிடங்கு ஒன்றில் ராணுவ உடைமைகள் பணியகம் தொடங்கப்பட்டது. இறந்தவர், காணாமற்போனவர் ஒவ்வொருவரின் பொருளையும் உலகின் எல்லா முனைகளிலிருந்தும் இங்கே வரவழைத்து, சரிபார்த்து, குடும்பத்துக்கு அனுப்புவது அதன் வேலை. விரல்விட்டு எண்ணக்கூடிய ஊழியர்களோடு ஆரம்பித்தது, போர் முற்றியபோது ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வேலை செய்தார்கள். துணியிலிருந்து இரத்தக் கறையைத் துவைத்து எடுத்தார்கள். உலோகத்தில் படிந்ததைச் சாணைக்கல்லாலும் பல் மருத்துவரின் துளைப்பானாலும் தேய்த்து நீக்கினார்கள். ராணுவச் சொத்தைப் பிரித்து வைத்தார்கள், வெடிபொருள் இருக்கிறதா என்று பார்த்தார்கள். கூடவே வீட்டாரைப் புண்படுத்தும் எதையும் விலக்கினார்கள்: ஆபாசப் படம், மனைவியல்லாத ஒரு பெண்ணின் கடிதம். தாயின் கைக்கு வரும்போது அந்தப் பொருள்கள் சுத்தமாக இருந்தன, மகனும் சுத்தமாக இருந்தான்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு காட்சி உண்டு. முதல் உலகப் போரில் பிரிட்டனும் ஏலத்தைத் தாண்டி, இறந்த அதிகாரியின் சாமானை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தது. அனுப்பியதே தவிர கழுவவில்லை. 1915 கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு பிரான்ஸில் இறந்த ரோலண்ட் லெய்ட்டனின் உடைகள் அடுத்த மாதம் பெற்றோர் வீட்டுக்கு வந்தபோது, அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த வேரா பிரிட்டன் அங்கே இருந்தார். சேறும் இரத்தமும் நாற்றமுமாக இருந்த அந்த உடைகளைப் பற்றி அவர் பிற்பாடு எழுதியது போர் இலக்கியத்தில் நிலைத்துவிட்டது. ரோலண்டின் தாயார் அவற்றைக் கண்ணில் படாமல் அப்புறப்படுத்தச் சொன்னார். கான்சாஸ் சிட்டியின் துவைப்புத் தொட்டிகள் தாய்மாருக்குக் கருணை செய்தன என்பதில் சந்தேகமில்லை. சேகரிப்பாளருக்கு அதில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. கதையோடு வரும் அமெரிக்கப் பெட்டியில் எதை எடுத்துவிட்டார்கள் என்பது தெரியாது. கதையே இல்லாத கற்பூரமரப் பெட்டியின் அடித்தட்டில் யாருடைய சுருட்டுக் கறை என்பதும் தெரியாது.

அமெரிக்கப் பெட்டியின் எழுத்துக்கு மதிப்பைக் கூட்டிய நிகழ்ச்சி ஒன்று போருக்கு வெகுகாலம் கழித்து நடந்தது. 1973 ஜூலை 12ஆம் தேதி செயின்ட் லூயிஸில் தேசியப் பணியாளர் ஆவண மையத்தின் மேல்தளத்தில் தீப்பிடித்தது. ஒரு கோடியே அறுபது லட்சத்திலிருந்து ஒரு கோடியே எண்பது லட்சம் வரையிலான கோப்புகள் எரிந்தன. 1912 நவம்பருக்கும் 1960 தொடக்கத்துக்கும் இடையில் தரைப்படையிலிருந்து விடுபட்டவர்களின் ஆவணங்களில் ஏறக்குறைய 80 சதவீதம் போயிற்று. பிரதியும் இல்லை, நுண்படமும் இல்லை. அதற்குப் பிறகு, தாத்தா எந்தப் பிரிவில் இருந்தார் என்று தேடும் பேரனுக்குச் சம்பளப் பதிவேடுகளும் படைப்பிரிவின் அன்றாடக் குறிப்புகளும்தான் துணை. அதைத் தேடத் தொடங்கவே ஒரு எண் வேண்டும். அது பரணில் கிடக்கும் பச்சைப் பெட்டியின்மேல் இருக்கும். பதினாறு வயதுக் கம்பெனிப் பையனின் காகிதம் இருநூறு ஆண்டு தாண்டி லண்டனில் பத்திரமாக இருக்க, நேற்றைய போரின் கேப்டனுக்கு ஆதாரம் அவருடைய பெட்டி மூடிதான் என்று ஆகிவிட்டது.

இது தெரிந்தால் பெட்டியைச் சுத்தம் செய்யும் ஆசை தானாக அடங்கும். துரதிருஷ்டவசமாக அந்த ஆசை இரு பக்கமும் உண்டு. ஃபுட்லாக்கரை வாங்கி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்து, நான்கு கால் வைத்து டீப்பாய் ஆக்குகிறார்கள். இதைக் கண்டிக்காத சேகரிப்பாளர் இல்லை. கற்பூரமரப் பெட்டிக்கு நடப்பதை மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை, ஏனென்றால் அது பராமரிப்பு என்ற பெயரில் நடக்கிறது. வாரம் ஒருமுறை பித்தளையை மெருகேற்றி மெருகேற்றி, தகட்டின் எழுத்து ஆழமற்ற கீறலாகி, கடைசியில் வழவழவென்று ஆகிவிடும். என்னைக் கேட்டால் இதுதான் பெரிய சேதம். பெயின்ட் அடித்த பெட்டியில் அடியில் எழுத்து மிச்சமிருக்க வாய்ப்புண்டு. தேய்ந்த பித்தளைக்கு அடியில் ஒன்றுமில்லை.

போலிகள் பற்றி ஒரு வார்த்தை. போலிகள் விலையுள்ள இடத்தைத் தேடி வரும் என்பதால் அவை பெரும்பாலும் கற்பூரமரப் பக்கம்தான். சாதாரணப் பழைய பெட்டிக்குப் புதுப் பித்தளை மூலை பொருத்துவார்கள். திருகாணித் தலையில் கூட்டல் குறி போன்ற பள்ளம் இருந்தால் அது 1930களுக்கு முந்தியதாக இருக்காது. அந்தத் திருகாணி அப்போதுதான் சந்தைக்கு வந்தது. அசல் கவசம் மரத்தைக் குடைந்து பதித்தது, போலி மேலே ஒட்டி நிற்கும், விரலை ஓட்டினாலே தட்டும். வாசனையை நம்பவேண்டாம். உட்பலகையை லேசாகச் சுரண்டினால் உண்மையான மரம் மறுபடி மணக்கும், அந்துருண்டை போட்டு மணக்கவைத்தது சில நாளில் தெரிந்துவிடும். டிராகனும் பாய்மரக் கப்பலும் செதுக்கிய கற்பூரமரப் பெட்டிகள் வேறு இனம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஹாங்காங்கில் சுற்றுலாப் பயணிகளுக்கும் விடுப்பில் வந்த படைவீரர்களுக்கும் விற்றவை. அவையும் ராணுவ அதிகாரிகளின் வீடுகளில் இருந்தவைதான் என்று விற்பவர் சொன்னால் பொய்யில்லை, ஆனால் அதற்கும் போர்முனைப் பயணத்துக்கும் சம்பந்தமில்லை.

ஃபுட்லாக்கரில் போலிப் பெட்டி செய்வதில் லாபமில்லை, போலிப் பெயர் எழுதுவதில் உண்டு. புகழ்பெற்ற பாராசூட் பிரிவின் சின்னத்தை நேற்று வரைந்து, இன்று விலையை மூன்று மடங்காக்கலாம். பழைய பெயின்ட்டில் விழுந்த கீறல் எழுத்தையும் குறுக்கே கிழித்துப் போகும். புது எழுத்து கீறலுக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கும். இந்த ஒரு சோதனையில் பாதிப் போலிகள் மாட்டிக்கொள்ளும். அதைவிட மோசமாக நான் நினைப்பது சட்டப்படி குற்றமே இல்லாத ஒரு வழக்கம். குடும்பத்திடமிருந்து நிறைந்த பெட்டியை வாங்கி, பதக்கத்தை ஒருவருக்கு, கடிதக் கட்டை இன்னொருவருக்கு, தொப்பியை மூன்றாமவருக்கு என்று பிரித்து விற்பது. பிரித்தால் கூட்டுத்தொகை அதிகம் என்பது வியாபாரக் கணக்கு. காலியான பெட்டி கடைசியில் பூந்தொட்டி வைக்கப் போகும்.

இந்தியாவில் வாங்குகிறவர் நினைவில் வைக்கவேண்டியது 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம். வரலாற்று மதிப்புள்ள, நூறாண்டு கடந்த பொருளைத் தனியார் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. ஒரு சென்னைப் படை அதிகாரியின் தகடோடு காரைக்குடியிலோ ஊட்டியிலோ ஒரு கற்பூரமரப் பெட்டி அகப்பட்டால், லண்டன் விலையைக் கணக்கிட்டு வாங்குவதில் பொருளில்லை. அது இங்கேயே இருக்கப்போகிற பெட்டி.

எதை வாங்கலாம் என்று கேட்டால், வீட்டில் வைத்துப் புழங்கவேண்டும் என்பவருக்குக் கற்பூரமரம். தகடு இல்லாவிட்டாலும் அது நல்ல பெட்டி, கம்பளி வைக்கலாம், மரம் தன் சொந்த பலத்தில் நிற்கும். பெயரில்லாத ஃபுட்லாக்கருக்கு அந்த பலம் இல்லை. எழுத்தோடு கிடைத்தால் மட்டும் வாங்கவேண்டும், வாங்கியதும் துணியால் துடைப்பதற்கு முன்பே எல்லாப் பக்கமும் சாய்வொளியில் படமெடுத்துவிடவேண்டும். எண்ணின் வடிவத்தைப் பார்த்தும் வாங்கவேண்டும். அமெரிக்கத் தரைப்படை 1969 ஜூலையில் பழைய வரிசை எண்ணைக் கைவிட்டு ஒவ்வொருவரின் சமூகப் பாதுகாப்பு எண்ணையே படை எண்ணாக ஆக்கியது. வங்கிக் கணக்கும் ஓய்வூதியமும் தொங்குவது அந்த எண்ணில்தான். அதற்குப் பிந்திய பெட்டிகளின் சொந்தக்காரர்களில் பலர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள். அப்படிப்பட்ட பெட்டி கிடைத்தால் எண்ணைத் தாள் ஒட்டி மறைத்துத்தான் யாருக்கும் காட்டவேண்டும், அழிக்கவும் கூடாது.